பட்டியில் வளர்ந்த வெளிமான்

மஞ்சள் தண்ணீர் முதுகில் விழுந்ததும் ஆடு உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். அதன் பிறகுதான் கத்தி. திண்டிவனம் பக்கத்தில் அதுதான் வழக்கம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதம், என் அக்காவின் கணவர் அந்தத் தண்ணீருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது ஆடு அல்ல, வெளிமான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது.

மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே, தாயில்லாமல் கிடந்த குட்டி அது. அக்கா ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தாள். ஆடுகளோடு மேய்ந்து, ஆடுகளோடு பட்டியில் படுத்தது. கொம்பு முறுக்கத் தொடங்கிய வருஷம், நோய் வந்து கிடாக்கள் எல்லாம் செத்தன. அம்மனுக்கு நேர்ந்த கிடாவும் போயிற்று. ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தது ஆடுதான் என்று மாமா முடிவு செய்துவிட்டார். பூசாரியும் காலைத் தூக்கிப் பார்த்து, குளம்பு ஆட்டுக்குப் போலவே பிளந்திருக்கிறது, குற்றமில்லை என்றார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பன்னிக்குந்தான் குளம்பு பொளந்துக்கினு இருக்குது. நாளைக்கு அதையும் இட்டாந்து நிறுத்துவீங்களா, பூசாரியாரே?”

சிலர் சிரித்தார்கள். மாமாவின் முகம் கறுத்தது. “நீங்க ஊத்துங்க” என்றார்.

பிளந்த குளம்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதன்மேல் எத்தனை விதம் என்று பிற்காலத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். கடமானின் கொம்பு கிளைவிடும், உதிரும், மறுபடி முளைக்கும். வெளிமானுடையது முறுக்கிக்கொண்டு நிற்கும், உதிராது. நாற்கொம்பு மானுக்குப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. முயலைவிடக் கொஞ்சம் பெரிதான சருகுமானுக்கு ஒரு கொம்பும் இல்லை. எண்ணி முடிப்பதற்குள் இப்போது சோர்ந்துவிடுகிறேன். அந்தக் கொல்லைகளின் குறுக்கே லாரிகள் ஓடுகின்றன. அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மூன்று செம்பு ஊற்றினார்கள். மான் சிலிர்க்கவில்லை. காதை விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது. உத்தரவு இல்லை என்று பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாமா. அது காதில் விழுந்ததும் அக்கா கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கொல்லை ஓரம்வரை அது நடந்தே போயிற்று. பிறகு நான்கு காலும் ஒன்றாகத் தரையைவிட்டு எழும்ப, தாவித் தாவிக் கண்ணுக்கு மறைந்தது. எந்த ஆடும் அப்படித் தாவி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆடுகள் பட்டிக்குத் திரும்பின. எதையும் எண்ணுவது என் பழக்கம். ஒன்று குறைகிறது என்றேன். அக்கா கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் பட்டி வாசலின் படலை இழுத்துச் சாத்தினாள்.

“ஆட்டுல ஒண்ணும் கொறயல, தம்பி.”