மூன்றரை பெர்த் குடும்பம்

போன சனிக்கிழமை பசாரில் நிற்கிறேன். ஒரு கையில் மீன், மறு கையில் முருங்கைக்காய். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் ஓர் இளைஞர்.

“சார், நீங்கதானே பத்தி எழுதுறவரு? குடும்பத்தோட ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களாமே. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. கப்பல்ல கேபின் எப்படிப் பார்த்து எடுக்கிறது?”

எங்கே ஆரம்பிப்பது? கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை அது. மீனோ நிதானத்துக்கு ஒத்துவராத சரக்கு. அதனால் அவருக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எட்டு வாரமாக நான் இந்தப் பக்கத்தில் இல்லை. கவனித்தீர்களா? கவனித்ததாக இரண்டு பேர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நன்றி தெரிவித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். காரைக்காலில் என் மைத்துனனுக்குக் கல்யாணம். ஆபீசில் இரண்டு மாத லீவு கிடைத்தது. கட்டிவந்த சீட்டும் அந்த மாதம் எங்கள் பேருக்கே விழுந்தது. என் மனைவி பிலோமி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“டெக்குல நான் வரமாட்டேங்க. கேபின்தான்.”

அவள் கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தது டெக்கில், கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துத்தான். ஆறு நாளும் பக்கத்தில் யாரோ ஒருவருடைய ஆடு. அந்த ஆடு அவளைப் பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்ததாம். ஆடு வாந்தி எடுக்குமா என்று நான் ஒருமுறை கேட்டேன். மறுமுறை கேட்கவில்லை.

சரி, இரண்டாம் வகுப்புக் கேபின். ஒரு கேபினில் நாலு பெர்த். பெர்த் என்றால் சுவரில் முடுக்கிய படுக்கைப் பலகை... கீழே இரண்டு, மேலே இரண்டு. நாங்கள் ஆறு பேர். எட்டு வயது இஞ்ஞாசி, ஐந்து வயது தெரேசு, மூன்று வயது சவரி, பதினோரு மாதப் பாப்பா. நாலு பலகையில் ஆறு பேர் படுக்க முடியாதா என்ன?

முடியும். ஆனால் டிக்கட் வாங்க முடியாது.

டிக்கட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அந்தோணிசாமி எங்கள் கோவில்காரர்தான். பூசைக்கு எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருவார். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து எனக்குக் கணக்குச் சொன்னார்.

“பெரியவங்க ரெண்டு பேருக்கு ரெண்டு பெர்த். பிள்ளைங்களுக்கு அரை டிக்கட், ரெண்டு அரைக்கு ஒரு பெர்த். மூணு அரை இருக்கு, ஒண்ணரை பெர்த். ஒரு வயசுக்குக் கீழே இலவசம், அதுக்கு பெர்த் கிடையாது. ஆக மூணரை பெர்த், அண்ணே.”

“கேபினில் நாலு இருக்கே?”

“அதான் சங்கடம். நாலும் உங்க பேர்ல இருந்தாத்தான் அது குடும்பக் கேபின். ஆள் இல்லாத இடத்துக்கு டிக்கட் எழுத முடியாது. இல்லேன்னா மீதி இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கணும். வேற ஆள் வந்தா ஆண் தனி, பெண் தனி. அக்காவும் பிள்ளைங்களும் பெண்கள் கேபின். நீங்க ஆண்கள் கேபின்.”

இதை வீட்டில் வந்து சொன்னேன். பிலோமி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நாலு பிள்ளையோட நான் ஒரு பக்கம், நீங்க ஒத்தையா ஒரு பக்கமா?”

“அது அவங்க சட்டம். நான் என்ன செய்ய?”

உண்மையைச் சொன்னால், அந்தச் சட்டம் எனக்கு அவ்வளவு கெட்ட சட்டமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்துவிட்டது. அன்று சோறு குழைந்திருந்தது.

இரண்டாம் முறை போனேன். வழியெல்லாம் யோசித்ததில் அருமையான வழி ஒன்று கிடைத்திருந்தது.

“தம்பி, பாப்பாவுக்கும் ஓர் அரை டிக்கட் போட்டுடுங்க. அவளுக்கு ஒரு வயசு முடிஞ்சாச்சு.”

அந்தோணிசாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து வருஷமாக அந்த மேஜையில் இருக்கிறார். மீசை அரும்பிய பையனுக்கு அரை டிக்கட் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிவந்து கைக்குழந்தை என்றவர்களைப் பார்த்திருக்கிறார். வயதைக் கூட்டிச் சொல்லிப் பணம் கொடுக்க வந்தவனை அன்றுதான் பார்த்தார்.

“அண்ணே, பாப்பா ஞானஸ்நானத்துக்கு நான் வந்தேன். ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அது நடந்து இன்னும் வருஷம் ஆகலை.”

“நான்தானே பணம் கட்டுறேன்? கம்பெனிக்கு என்ன நஷ்டம்?”

“நஷ்டம் இல்லை. ஆனா பொய். குறைச்சுச் சொல்ற பொய்யைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கூட்டிச் சொல்றதை என்ன செய்யணும்னு எங்கேயும் எழுதலை. எழுதாத காரியத்தை நான் செய்ய மாட்டேன்.”

“அப்ப பெரியவனுக்கு முழு டிக்கட் போடுங்க.”

“பன்னிரண்டு ஆயிடுச்சா?”

“எட்டு.”

“நாலு வருஷம் பொறுங்க.”

நேர்மையான மனிதரிடம் காரியம் ஆவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். போகிற வழிக்கு இருக்கட்டும் என்று கேபினின் நீளம் அகலத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அதோடு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் தெரேசுவின் சாக்கட்டியை வாங்கி ஹாலில் கோடு போட்டேன். ஏழடிக்கு ஆறடி. சிமெண்டுத் தரையில் அசல் கேபின். மேல் பெர்த்துக்குச் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டோம். வாசலுக்கு ஓர் இடைவெளி விட்டேன். ஆறு பேரும் உள்ளே போய்ப் படுத்தோம்.

கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். படுத்துப் பார்த்தால்தானே தெரியும்?

ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. மேல் பெர்த்திலிருந்து சவரி உருண்டு என் வயிற்றில் விழுந்தான். தெரேசு ஜன்னல் எங்கே என்று கேட்டு அழுதாள். வட்டமாக ஒரு ஜன்னல் வரைந்து கொடுத்தேன். அதில் மீன் தெரியவில்லை என்று மறுபடி அழுதாள். எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது இஞ்ஞாசியின் குணம். குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் மேல் ஊற்றினான்.

“அலை,” என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நோன்யா அம்மாள், மலாய் பேசும் பினாங்குச் சீனர், பலகாரத் தட்டோடு வந்தார். நனைந்துபோய் மேஜைக்கு அடியில் படுத்திருக்கும் எங்களைப் பார்த்தார். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

“கப்பல்,” என்றாள் தெரேசு.

மலாயிலும் அது கப்பல்தான். அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தார். கோட்டைத் தாண்டி வராமல், விட்டிருந்த வாசல் வழியாகவே வந்து வைத்தார். நல்ல பண்பு.

பிலோமி எழுந்து சேலையைப் பிழிந்தாள். “நாளைக்கு நான் வர்றேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றேன்,” என்றாள்.

திங்கட்கிழமை ஆறு பேரும் டிக்கட் ஆபீசில் நுழைந்தோம். பிலோமி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகளைக் கீழே விட்டாள். அவ்வளவுதான்.

பாப்பா மேஜைமேல் ஏறி மைக்கூட்டைப் பிடித்தாள். இஞ்ஞாசி சுவரில் தொங்கிய கப்பல் படத்தைக் கழற்றி, புகைபோக்கி எண்ணிக்கை தப்பு என்றான். தெரேசு வரிசையில் நின்ற ஒரு செட்டியாரிடம் அம்மாவின் ஆட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள், வாந்தி எடுத்துக் காட்டியபடி. சவரியைக் காணவில்லை.

சவரி மேஜைக்கு அடியில் இருந்தான். அவன் கையில் ரப்பர் ஸ்டாம்பு. அந்தோணிசாமியின் வெள்ளைக் கால்சட்டையில், இரண்டு முழங்காலிலும், பணம் பெறப்பட்டது என்று வயலட் நிறத்தில் பதிந்திருந்தது. தெளிவாகவே பதிந்திருந்தது.

அந்தோணிசாமி குனிந்து தன் முழங்காலைப் படித்தார். பிறகு நாலு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பிலோமியைப் பார்த்தார்.

“அக்கா, ஆறு நாளா?”

“ஆறு நாள் தம்பி.”

“அந்த நாலாவது பெர்த்துக்கு நான் ஒரு மனுஷனை அனுப்பினேன்னா, பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

பேனாவை எடுத்தார். பெரிய புத்தகத்தைத் திறந்தார். எங்கள் கேபினின் நாலாவது பெர்த்துக்கு நேராக ஒரே ஒரு சொல் எழுதினார்... ரிப்பேர். பழுதான பெர்த்தை யாருக்கும் விற்க முடியாது. பதினைந்து வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

கப்பல் புறப்பட்டது. நாலு பெர்த்தும் எங்களுக்கு. முதல் நாள் பிலோமி மூன்று தடவை கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள்... தன் கதவு என்ற சந்தோஷம். இரண்டாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது.

வெளியே கப்பலின் சீனத் தச்சர். கையில் சுத்தியல், ஸ்பானர், ஒரு சீட்டு.

“நாலாவது பெர்த் ரிப்பேர்,” என்றார் மலாயில்.

“இல்லையே, நல்லா இருக்கு.”

அவர் சீட்டைக் காட்டினார். ரிப்பேர் என்றுதான் இருந்தது. நான் என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் அந்தோணிசாமியின் வேலைக்கு ஆபத்து. ஒருவேளை அந்தமான் தாண்டுவதற்குள் அந்தப் பெர்த்துக்கு ஒரு புதிய மனிதரும் வந்து சேரலாம். பிலோமி உள்ளேயிருந்து சொன்னாள்.

“ஆடுதுன்னு சொல்லுங்க.”

ஆடுகிறது என்றேன். தச்சர் மேல் பெர்த்தைப் பிடித்துப் பார்த்தார். ஆடியது. கப்பலே ஆடிக்கொண்டிருந்தது, அது மட்டும் ஆடாமல் என்ன செய்யும்? அவர் முகத்தில் திருப்தி. நாலு போல்ட்டைக் கழற்றினார், பலகையைத் தோளில் வைத்தார். நாகப்பட்டினம் வருவதற்குள் சரிசெய்து மாட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அது என் பெர்த்.

சுவரில் இரண்டு இரும்பு வளையம் மட்டும் மிச்சம். பிலோமி அதில் ஒரு பழஞ்சேலையைக் கட்டித் தொட்டிலாக்கி, பாப்பாவைப் போட்டாள். ஆட்டிவிட ஆள் வேண்டாம், வங்காள விரிகுடாவே ஆட்டிவிட்டது. பாப்பா அப்படி ஒரு தூக்கம் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை.

நான் தலையணையை எடுத்துக்கொண்டு டெக்குக்குப் போனேன். பினாங்கின் பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தம்பதி, தங்கள் பாயில் பாதியை எனக்குத் தந்தார்கள். “படுங்கண்ணே, காத்து நல்லா வரும்,” என்றார் அந்த அம்மாள். சர்க்கரையில் போட்ட ஜாதிக்காய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, தலைசுற்றலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் இஞ்ஞாசி என்னைத் தேடி வந்தான். திரும்பிப் போகவில்லை. பின்னாலேயே தெரேசு வந்தாள். சவரியை அந்தத் தம்பதி தத்து எடுத்ததுபோல் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் மத்தியானம் பிலோமிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கேபின் கதவு சாத்தியிருந்தது. மெதுவாகத் திறந்தேன். தொட்டிலில் பாப்பா. கீழ் பெர்த்தில் பிலோமி, கை கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்த தூக்கத்தில். இஞ்ஞாசி பிறந்த இந்த எட்டு வருஷத்தில் பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கஞ்சியை வைத்துவிட்டு, கதவு சத்தம் போடாமல் சாத்திவிட்டு வந்தேன்.

இதுதான் நான் கண்டுகொண்டது. குடும்பத்துக்குக் கேபின் எடுக்கிறவர்கள் எத்தனை பெர்த், எத்தனை அரை டிக்கட் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் எங்கும் தூங்குவார்கள். அப்பாமார் நின்றுகொண்டே தூங்குவார்கள். கேபின் என்பது ஓர் அம்மா கதவைச் சாத்திக்கொள்வதற்காக. அந்தக் கணக்குக்கு ஒரு பெர்த் போதும்.

ஆறாம் நாள் நாகப்பட்டினம். படகில் இறங்கி, ஜட்காவில் காரைக்கால் போய்ச் சேர்ந்தோம். கல்யாண வீட்டு வாசலில் மாமனார் தன் நண்பர்களோடு நின்றிருந்தார். நான் இறங்கினேன். ஆறு நாள் கடலில் இருந்த கால், தரை இன்னும் ஆடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, பந்தக்காலைப் பிடித்து நின்றுதான் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

“மாப்பிள்ளை வழியிலேயே ஆரம்பிச்சுட்டாரா?” என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. மாமனார் உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொல்லி அனுப்பினார்.

காரைக்கால் பிரெஞ்சு ஊர். மூன்று நாளும் வந்தவர்களுக்கெல்லாம் விதவிதமான பாட்டில் திறந்தார்கள்... எனக்கு மட்டும் நீர்மோர் வந்துகொண்டே இருந்தது.