தூணில் இடித்தது யார்

நேசமலரைப் போல் கார் ஓட்டுகிற ஆளை நான் வெள்ளவத்தையில் கண்டதில்லை. காலி வீதியில் எந்த பஸ்காரனாவது குறுக்கே விட்டால், கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் நகருவாள். வாய் அப்படி. கை நிதானம். அவள் கையில் அந்தக் காருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. கார் அவள் உழைத்து, அவள் பெயரில் வாங்கியது. இரத்மலானையில் நாங்கள் வேலை செய்கிற ஆடைத் தொழிற்சாலைக்கு நானும் அதில்தான் போய்வருகிறேன். வழியில் தெஹிவளையில் எங்களோடு வேலை செய்கிற ரூபிகா ஏறுவாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

நேசமலரின் கணவர் ஜீவராஜ் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணோடு இடித்தார். இடப்பக்கப் பின்கதவில் ஒரு கையகலப் பள்ளம், அவ்வளவுதான். இடித்ததற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை. மனிசர் என்றால் கை தவறும். பிறகு அவர் செய்ததை நினைத்தால்தான் இப்போதும் வயிறு பற்றி எரிகிறது.

"கராஜுக்கு விடுவம். இன்சூரன்ஸ் இருக்குத்தானே," என்றாள் நேசமலர்.

"உமக்கென்ன விசரே? அவங்கள் தட்டிப்போட்டு பட்டி அப்பி மறைப்பாங்கள். ஒரிஜினல் பெயின்ற் போனா நாளைக்கு இந்தக் காரை ஆர் வாங்குவான்? நான் வீட்டிலயே செய்யிறன். யூடியூப்பில எல்லாம் கிடக்கு."

ஒரிஜினல் பெயின்றாவது மண்ணாங்கட்டியாவது! இன்சூரன்ஸ்காரர் வந்தால் ஓட்டினது யார் என்று கேட்பார். தான் இத்தனை வருடம் ஒரு இடத்திலும் முட்டாமல் ஓட்டினவர் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பெருமையடிக்கிற மனிதர் அவர். பயம் அங்கேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா தொடங்கியது. கேத்தல் கேத்தலாகக் கொதிதண்ணீர் ஊற்றினார். குளியலறைக் குழாயில் அடைப்பெடுக்கிற ரப்பரை வைத்து இழுத்தார். அந்த வித்தை பிளாஸ்டிக் பம்பருக்குச் சரிவரும், கதவு தகரம். தகரம் அசையவில்லை என்றதும் சுத்தியலை எடுத்தார். உள்ளிருந்து அடித்த அடியில் பள்ளம் போய் நாலைந்து புடைப்புகள் வந்தன, கதவும் இறுகிக்கொண்டது. பிறகு பெயின்றை உரஞ்சித் தகரத்தை வெளியே காட்டிவிட்டு, மிச்சம் அடுத்த ஞாயிறு என்று மேலே போய்ப் படுத்துவிட்டார். எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடிகிறது. உப்புக்காற்றில் அந்தக் கிழமைக்குள்ளேயே துரு ஏறிவிட்டது. கையகலப் பள்ளம் இருந்த கார், லொறி மோதினது போல் ஆகிவிட்டது.

அதைத் தினமும் காலையில் கேற்றடியில் நின்று பார்த்தவர் ரூபிகாவின் மாமி, அவளுடைய புருசனின் தாய். வெள்ளிக்கிழமை கோயிலில் ஜீவராஜைக் கண்டதும், காருக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார்.

"மலர் ரிவர்ஸ் எடுத்தவா அக்கா. பொம்பிளையள் ஓட்டினா வேற எப்பிடி?" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார் இந்த மனிதர்.

சொன்ன ஞாயிறும் அவர் சுத்தியலைத் தொடாமலே போனது. திங்கட்கிழமை ரூபிகா காருக்கு வரவில்லை. மாமி விடமாட்டேன் என்றுவிட்டார். நெரிசல் பஸ்ஸில், அந்த வயிற்றோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். மத்தியானம் சாப்பாட்டு அறையில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, அழுதழுது கோயிலில் நடந்த கதையைச் சொன்னாள். நேசமலர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். இன்னொருத்தியின் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தானவள் என்ற பெயர் தன் தலையில் விழுந்ததை அவளால் தாங்கமுடியவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒரே சொல்தான் சொன்னாள்.

"வெளிக்கிடுங்கோ."

என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வழி முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. பஸ்காரர்கள் தப்பினார்கள். "இன்னும் ஒரு ஞாயிறு விட்டிருந்தா முடிச்சிருப்பன்," என்று முணுமுணுத்தார் ஜீவராஜ். மனிதருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

தெஹிவளையில் அலவியின் கராஜ். அவர் கதவைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நீங்களே கை வச்சிட்டீங்க. இனி இன்சூரன்ஸ் கெடைக்கிறது கஷ்டம். யாரு இடிச்ச?"

"நான்தான் அலவி. தூண் கண்ணில படேல்ல," என்றார் ஜீவராஜ். இரண்டு பேரும் சிரித்தார்கள். எவ்வளவு லேசாக வந்தது அந்த வார்த்தை!

நேசமலர் கார்த் திறப்பை அலவியிடம் கொடுத்தாள். "நீங்கள் வடிவாச் செய்து தாங்கோ," என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "இஞ்ச சொல்லி என்ன பிரயோசனம்? பொய்யை ஆரிட்டச் சொன்னனீங்களோ அவவிட்ட வந்து சொல்லுங்கோ."

ரூபிகா வீடு அடுத்த ஒழுங்கை. நடந்தே போனோம். மாமி எங்களை இருத்தினார். ஜீவராஜ் வேர்த்து விறுவிறுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, அண்டைக்கு நான் பகிடிக்குச் சொன்னனான். எங்கட கீழ்த்தளத்துத் தூணில காரை இடிச்சது நான்தான்."

"ஐயோ தம்பி, அதுக்கென்ன!" என்றார் மாமி. "ஆம்பிளையள் தலைக்குள்ள ஆயிரம் யோசனையோட ஓட்டுறனீங்கள். அந்தத் தூணையும் நடு வழியில கட்டி வச்சிருப்பாங்கள். ஆர்தான் இடிக்கமாட்டினம்? இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

ஜீவராஜின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்தக் கதிரையைத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது.

நேசமலர் எழுந்தாள்.

"அந்தத் தூணுக்குப் பக்கத்திலதான் அக்கா, நான் நாலு வருசமா ஒவ்வொரு நாளும் ரிவர்ஸ் எடுக்கிறனான்," என்றாள். "என்ர தலைக்குள்ளயும் யோசனை இருக்கு."

மாமி தேத்தண்ணீர் போட அடுப்படிக்குத் திரும்பினார். கதவடியில் நின்ற ரூபிகாவின் தோளைத் தட்டிவிட்டு நேசமலர் வெளியே இறங்கினாள். நானும் பின்னால் போனேன். ஜீவராஜ் இருந்து தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தார்.