மூடுபனியில் முந்தியவன்

எங்கள் ஊர் கிரோன்லியாவில் ஓட்வாரைத் தெரியாதவர்கள் இல்லை, பார்த்தவர்கள்தான் குறைவு. வாரநாட்களில் அவர் நகராட்சித் தண்ணீர்க் குழாய்களோடு பூமிக்கடியில் குடும்பம் நடத்துபவர். குழாய் வெடித்தால் மட்டும் ஊர் அவரை நினைக்கும், அதுவும் நல்ல வார்த்தைகளால் அல்ல. ஆனால் பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் பனியில் சறுக்கி ஓடும் ஸ்கீ போட்டி என்று ஒன்று வந்துவிட்டால் கதையே வேறு. மைதானத்து ஓரத்தில், கழிப்பறையைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு மரப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்து மைக்கைக் கையில் எடுப்பார். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் வேதவாக்கு.

சின்ன வயதில் அவரும் ஓடியவர்தான். எங்கள் ஊரில் ஓடாமல் தப்பிக்க முடியாது. குழந்தைக்குப் பல் முளைத்ததும் காலில் ஸ்கீ பலகையைக் கட்டிவிடுவார்கள். ஓட்வார் ஓடினார், விழுந்தார், எழுந்தார், எழுந்த இடத்திலேயே மறுபடி விழுந்தார். ஒரு போட்டியில் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "கடைசியா வந்தவன் சும்மாதானே நிக்கிறான், அவன்கிட்ட குடு" என்று மைக்கை அவர் கையில் திணித்தார்கள். வாங்கியவர் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. அப்போது கொடுத்தவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடும் இல்லை.

அவரைப் பொறுத்தவரை போட்டி என்றால் ஒரே வகைதான். அரை நிமிஷத்துக்கு ஒருவராகக் காட்டுக்குள் அனுப்பும் தனிப் புறப்பாடு. அதில் முதலில் முடிவுக்கோட்டைத் தொடுகிறவன் ஜெயித்தவன் இல்லை. யார் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டான் என்பதுதான் கணக்கு. பார்ப்பவர்களுக்குக் கண்ணிருந்தும் ஒன்றும் புரியாது. நாக்குத் தள்ள ஓடிவந்து பனியில் விழுந்து கிடக்கிறவனுக்கே, தான் முதல் ஆளா இருபதாவது ஆளா என்று தெரியாது. தெரிந்தவர் பெட்டிக்குள் இருக்கும் ஒருவர்தான். ஓட்வார் அதைச் சுலபத்தில் சொல்லிவிடுவாரா? "இப்போது வந்திருக்கும் நேரத்தைப் பார்க்கும்போது..." என்று ஆரம்பித்து, காபியை ஒரு மிடறு குடிப்பார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு மிடறு. ஓடியவனைப் பெற்றவளுக்கு நெஞ்சுவலி வராத குறை. அப்புறம்தான் திருவாய் மலர்வார்.

அவருடைய மனைவி குன்வோர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்கீ கழகத்து வாஃபிள் பலகாரக் கடையில் நிற்பவள். அவளுக்கு இது அறவே பிடிக்காது.

"நீ வாயத் தொறந்தா என் வரிச அப்படியே நின்னுபோகுது. ஒருத்தனும் காசெடுக்க மாட்டேங்கறான். அடுப்புல இருக்கறது கருகுது."

"மூடினா?"

"அந்த அதிசயத்த நான் இன்னும் பாக்கலியே."

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் தொலைக்காட்சிக்காரர்கள் மண்ணைப் போட்டார்கள். அரை நிமிஷத்துக்கு ஒருவன் போவதும் வருவதுமாக இருந்தால் சோபாவில் கிடக்கிறவனுக்குத் தூக்கம் வருகிறதாம். அவன் தூக்கத்தைக் கலைக்க ஸ்கீ சம்மேளனம் புதுசு புதுசாகக் கண்டுபிடித்தது. நாலு நிமிஷத்தில் முடிந்துபோகும் குறுஓட்டம். பாதி வழியில் ஸ்கீயைக் கழற்றி வேறு ஸ்கீ மாட்டி, பாணியையும் மாற்றி ஓடும் இரட்டை ஓட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடும் கூட்டுப் புறப்பாடு.

"ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்ட மாதிரி" என்று ஓட்வார் காறித் துப்பினார். ஆடுகளுக்கு அவரிடம் என்ன பகையோ தெரியாது.

கழகத் தலைவி இங்குன் பல் மருத்துவர். வலிக்காமல் பிடுங்குவதில் கைராசிக்காரி என்று பெயர். ஒருநாள் ஓட்வாரைக் காபிக்குக் கூப்பிட்டாள். அவள் வயது அவருடையதில் பாதிதான். ஆனால் எங்கள் ஊரில் மந்திரியையே 'நீ' என்றுதான் கூப்பிடுவோம்.

"தேசியக் கோப்பையில ஒரு சுத்து நமக்குக் கெடச்சிருக்கு, ஓட்வார்."

"கேள்விப்பட்டேன்."

"ஆனா கூட்டுப் புறப்பாடு. எல்லாரும் ஒண்ணாக் கெளம்புவாங்க. எவன் முன்னாடி வர்றானோ அவன்தான் முன்னாடி. ஜனங்களே பாத்துக்குவாங்க."

"அப்ப நான் எதுக்கு?"

"அதத்தான் கமிட்டியிலயும் கேட்டாங்க" என்று இங்குன் இனிமையாகச் சிரித்தாள். "நீ பேசு, வேணாங்கல. நடுநடுவுல பாட்டுப் போடுவோம். அன்னிக்கு எப்படிப் போவுதுன்னு பாத்துட்டு, அடுத்த வருஷத்துலேர்ந்து பாட்டே போதுமான்னு முடிவு பண்ணலாம்."

வலிக்கவே இல்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஓட்வாருக்கு இரத்தம் வருவது தெரிந்தது. ஒரு போட்டி. அதில் ஜனங்கள் அவருக்காகக் காதைக் கொடுத்தால் மைக் தங்கும். இல்லாவிட்டால் மிச்சமுள்ள ஆயுசுக்குக் குழாய்தான். அன்று ராத்திரி சாப்பாட்டில் உருளைக்கிழங்கு ஆறும்வரை விளையாட்டின் ஆன்மாவைப் பற்றிப் பேசினார்.

"ஆன்மா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் குன்வோர். "மைக்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கு. மீன எடுத்துப் போட்டுக்கோ."

இந்த இடத்தில் தோர்மோடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடுவதையே தொழிலாகக் கொண்ட எங்கள் ஊர்க்காரன் அவன் ஒருவன்தான். தொத்திறைச்சிக் கம்பெனி ஒன்றின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நாடு நாடாகப் போய் ஓடுகிறவன். கோப்பைப் போட்டிகளில் முதல் முப்பது பேருக்குத்தான் புள்ளி. முப்பத்தொன்றாவதாக வருவதில் தோர்மோடை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குறுஓட்டத்திலும் தகுதிச்சுற்றைத் தாண்டுகிறவர்கள் முப்பது பேர்தான் என்பதால், அங்கேயும் அந்தத் திறமையை விட்டுக்கொடுக்க மாட்டான். கேட்டால் மெழுகு சரியில்லை என்பான். ஸ்கீக்கு அடியில் பூசும் மெழுகைச் சொல்லித் தோல்வியைப் பூசி மெழுகுவது எங்களுக்குத் தேசிய குணம், அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. அவன் அப்பா ஆஸ்முன்ட் மட்டும் ஒவ்வொரு போட்டிக்கும் கொடியோடு வந்துவிடுவார்.

போட்டி நாளும் வந்தது. துப்பாக்கி வெடித்தது, எழுபது பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

"ஏழாம் எண் முன்னிலையில்!" என்று முழங்கினார் ஓட்வார்.

"எங்களுக்கும் கண்ணு இருக்கு!" என்று கூட்டத்தில் ஒரு அம்மாள் கத்தினாள். மைதானமே சிரித்தது. ஜன்னலுக்கு எதிரே மேடையில் நின்ற இங்குன் பாட்டுப் பெட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வீரர்கள் முதல் வளைவில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள். ஒரே பெரிய சுற்று. இனி அவர்களைப் பார்ப்பது முடிவில்தான். மலையில் வைத்த கேமராக்கள் பெரிய திரையில் காட்டும் என்று ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. திரையில் வெள்ளை. தடத்தில் வெள்ளை. காட்டுக்குள் வாக்கி-டாக்கியோடு நின்ற பியார்னேயைக் கூப்பிட்டார் ஓட்வார்.

"யார் முன்னாடி போறாங்க?"

"என் ஸ்கீ நுனியே எனக்குத் தெரியல, நீ நம்பர் கேக்கற. என்னமோ சர்ருனு போச்சு. மனுஷனாத்தான் இருக்கணும்."

கூட்டம் முணுமுணுத்தது. ஆயிரம் பேர் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்குனின் விரல் பாட்டுப் பெட்டியின் பொத்தானை நோக்கிப் போனது. அந்த விரலைப் பார்த்த ஓட்வாருக்கு என்ன ஆனது என்று அவருக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இப்போது வந்திருக்கும் செய்தியைப் பார்க்கும்போது..." என்றார். காபியை ஒரு மிடறு குடித்தார். முணுமுணுப்பு கப்சிப் என்று அடங்கியது. "பன்னிரண்டாவது இடத்துக்கு முன்னேறியிருக்கிறார், நம் தோர்மோட்!"

மைதானம் அதிர்ந்தது. இங்குனின் விரல் பின்வாங்கியது.

பன்னிரண்டு என்பது பொய் என்று ஓட்வார் நினைக்கவில்லை. அவன் அங்கே இருக்கவும் கூடும் அல்லவா? மூடுபனியில் எதுவும் நடக்கலாம். அடுத்த மிடறில் தோர்மோட் எட்டாவது. பாதித் தூரத்தில் மூன்று. ஏரிக்கரை ஏற்றத்தில், விருந்தாளிகளாக ஓட வந்திருந்த ஒரு ஸ்வீடன்காரனையும் ஒரு ஃபின்லாந்துக்காரனையும் அடுத்தடுத்து முந்தினான். "கோலை ஊன்றும் அழகைப் பார்த்தீர்களா!" என்று பார்க்க வழியே இல்லாத ஆயிரம் பேரைக் கேட்டார். பார்த்தோம் என்று ஆயிரம் பேரும் கத்தினார்கள். 'எங்களுக்கும் கண்ணு இருக்கு' என்ற அம்மாள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். தொத்திறைச்சிக் கம்பெனி ஆள் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தார். ஆஸ்முன்ட் கொடியைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது தோர்மோட் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஓட்வார் தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. குழாய் பதிக்கிறவனின் நெஞ்சு விம்மியது.

பெட்டியின் கதவைத் தள்ளிக்கொண்டு குன்வோர் வந்தாள். கையெல்லாம் மாவு. அவர் மைக்கைப் பொத்திக்கொண்டார்.

"தோர்மோட் இப்ப எங்க இருக்கான்?" என்றாள்.

"கேக்கலியா? கடைசி ஏத்தத்துல. தனியா."

"என் கடைக்குப் பின்னாடி இருக்கான். விறகுக்கட்ட மேல உக்காந்து மூணாவது வாஃபிள் திங்கறான்."

ஓட்வார் காபிக் குவளையைக் கீழே வைத்தார்.

"மொத வளவுலயே நாலஞ்சு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்திருக்காங்க. இவனோட ஸ்கீ ரெண்டாப் போச்சு. மூடுபனியோட மூடுபனியா நடந்து வந்துட்டான், ஒரு ஈ காக்கா பாக்கல. மத்தவங்க எந்திரிச்சு ஓடிட்டாங்களாம், இவன் விழுந்ததக்கூட எவனும் கவனிக்கலியாம்."

"நான் பேசறத... கேட்டுட்டு இருக்கானா?"

"மொதல்லேர்ந்து. நிறுத்தச் சொல்லட்டுமான்னு கேட்டேன்." குன்வோர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். "'கொஞ்சம் பொறு குன்வோர், நான் எப்படிப் போறேன்னு பாக்கலாம்'னான்."

வெளியே ஆயிரம் பேர் "தோர்மோட்! தோர்மோட்!" என்று தாளம் போட ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் சில நிமிஷத்தில் மூடுபனிக்குள்ளிருந்து யாராவது ஒருவன் வெளியே வருவான். அவன் தோர்மோடாக இருக்க மாட்டான். உண்மையைச் சொன்னால் மைக் இந்த நிமிஷமே போய்விடும். அவனை ஜெயிக்க வைக்கவும் வழியில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"கடைசி இறக்கம்..." என்றார், குரல் நடுங்க. அந்த நடுக்கம் மட்டும் நிஜம். "காற்றாய் வருகிறார் தோர்மோட்... ஐயோ! விழுந்துவிட்டார்! ஸ்கீ உடைந்துவிட்டது! கையில் கிடைத்த வெற்றி..."

ஊரே "ஓ" என்று அலறியது. அலறல் அடங்குமுன் ஏழாம் எண் வெளியே வந்தது, பின்னால் மற்றவர்கள். ஜெயித்தவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்குப் பின்னாலிருந்து உடைந்த ஸ்கீயோடு தோர்மோட் நடந்து வந்தபோது, அவன் எந்தத் திசையிலிருந்து வருகிறான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஆஸ்முன்ட் மகனைக் கட்டிக்கொண்டு விசும்பினார். கோடு கடக்கவில்லை என்று முடிவுப்பட்டியலிலும் போட்டிருந்தார்கள், எல்லாம் ஒத்துப்போனது. அப்படி ஒருத்தன் முன்னால் ஓடினானா என்று மற்ற வீரர்களைக் கேட்டவர்களுக்கும் தெளிவான பதில் வரவில்லை. அவர்களுக்குத் தோர்மோட் யாரென்றே சரியாகத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு இங்குன் பெட்டிக்குள் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

"பாட்டு வேண்டாம், ஓட்வார். அடுத்த வருஷமும் நீயே பேசு. எத்தன வருஷம் வேணும்னாலும் பேசு."

அவள் போனதும் ஓட்வார் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தார். ஜெயித்துவிட்டார். இருந்தும் உள்ளே எதுவோ இடறிக்கொண்டே இருந்தது. கதவருகில் தோர்மோட் நின்றுகொண்டிருந்தான். முகவாயில் ஜாம். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று ஓட்வார் நினைத்தார்.

"நல்லாப் பேசின" என்றான் தோர்மோட்.

"நல்லா ஓடின" என்றார் அவர், அசடு வழிய.

அவன் சிரிக்கவில்லை. "ஏன் விழ வெச்ச?"

"என்னது?"

"கடைசி எறக்கத்துல. எங்கப்பா அழுதாரு. நானும் எந்திரிச்சு நின்னுட்டேன், கட்டைய விட்டு. இன்னும் கொஞ்ச தூரம். ஒரே ஒரு தடவ கோட்டத் தாண்டி உள்ள கொண்டுவந்து விட்டிருக்கலாம்ல?"

மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், கடிகாரம் இருந்தது, நடுவர்கள் இருந்தார்கள், சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. முப்பது நாற்பது வருஷமாக எதையும் இழுத்து இழுத்துச் சொல்லிப் பழகிய ஓட்வாருக்கு அன்று மட்டும் உண்மை பட்டென்று வந்து விழுந்தது.

"ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்."

தோர்மோட் முகவாயிலிருந்த ஜாமைக் கையுறையால் துடைத்தான்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, உடைந்த ஸ்கீயை எடுத்துக்கொண்டு போனான்.