இடது பக்கம் கிழிந்த பெல்ட்

போன வருடம் தைப்பூச விடுமுறை முடிந்த வாரத்தில், பிறை என்ற ஊரில் நான் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையில் நடந்தது இது. நான் அங்கே மெஷின் பழுது பார்ப்பவன். ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிப் போய், கையைவிட வாயால் அதிகம் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவன்.

பிஸ்கட்டை நகர்த்தும் பெல்ட்டின் உள்பக்கம் பற்கள் இருக்கும். அவை புல்லி என்ற சுழல் சக்கரத்தின் பற்களில் பொருந்தி ஓடும். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் விரல் கோத்ததுபோல் வெட்டிச் சேர்த்து, சூட்டில் அழுத்தி ஒட்ட வேண்டும். அந்த ஜாயிண்ட்டைப் போடுவது எங்கள் பிரிவில் இருந்த ஒரு பெண். சுத்தமான வேலைக்காரி. இடது கைப் பழக்கம்.

அந்த வாரம் மூன்று நாளில் இரண்டு முறை ஜாயிண்ட் பிரிந்து லைன் நின்றது. கிழிந்த துண்டுகளோடு அந்தப் பெண் என்னிடம் வந்தார்.

“அண்ணே, ரெண்டும் இடது பக்கத்துலேருந்துதான் கிழிஞ்சிருக்கு. ஜாயிண்ட் சரியில்லன்னா ரெண்டு தடவையும் ஒரே பக்கமாவா கிழியும்? அந்தப் புல்லிய ஒருவாட்டி பாருங்க லா.”

அந்தப் புல்லியை விடுமுறைக்கு முதல் நாள் மாற்றியவன் நான்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் அவசரத்தில், அளவு வைக்காமல் கண்ணாலேயே நேர் பார்த்து முடுக்கிவிட்டு ஓடியிருந்தேன். அதை ஒப்புக்கொள்ளலாம்தான். ஆனால் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். எனக்குக் கூட்டம் கிடைத்தால் போதும்.

“போட்டது இடது கை. வேற எந்தப் பக்கம் கிழியும்?”

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர்தான் அதிகம் சிரித்தார். மறுநாள் மூன்றாவது முறை கிழிந்தபோது அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். “சும்மா சொன்னேன் பாஸ்” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜாயிண்ட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. வலது கையால் பெருமையாகப் போட்டேன். நாலாம் நாள் கிழிந்தது. அதே இடது பக்கம்!

அப்போதுதான் அளவு வைத்துப் பார்த்தேன். புல்லி சாய்ந்திருந்தது. பெல்ட்டின் இடது விளிம்பே எல்லா இழுப்பையும் தாங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் நிமிர்த்தினேன். அந்தப் பெண் முன்பே ஒட்டி ஸ்டோரில் வைத்திருந்த கடைசிப் பெல்ட்டை எடுத்து மாட்டினேன். அதன்பின் கிழியவே இல்லை.

“பாத்தியா, ஆள மாத்தினதும் சரியாப் போச்சு!” என்று சூப்பர்வைசர் என் முதுகில் தட்டினார். நான் ஸ்பேனரைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நடந்தேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மாதக் கடைசியில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து ஃபெர்ரியில் பார்த்தேன். அவராகவே வந்து பேசினார்.

“அண்ணே, அந்த பெல்ட் இப்ப எப்படி ஓடுது?”

தொண்டை வரை வந்தது உண்மை. வெளியே வந்தது என்னவோ, “அது நல்லா ஓடுது லா, என்னாலதான் ஓட முடியல” என்று வயிற்றைத் தட்டிக்கொண்டு ஒரு ஜோக்.

மரியாதைக்குச் சிரித்தார். பட்டர்வொர்த் படகுத்துறை வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார்.

அவர் கையால் போட்ட அந்த ஜாயிண்ட் இன்றும் ஒவ்வொரு சுற்றிலும் என் கண்ணைக் கடந்து போகிறது. ஊரையே சிரிக்க வைக்கத் தெரிந்த எனக்கு, ‘தப்பு என்னுடையது’ என்ற ஒரு வரியை அவரிடம் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.