பேர்ஷ்யாக்காரன் பூனை

இசக்கிதுரையிடம் பூனையைப் பற்றிக் கேட்க வருகிறவர் முதலில் அவர் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பதினாலு வயதில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தது, படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்தது, அங்கே எலி பிடிக்க வளர்த்த பூனைகளுக்குச் சோறு வைத்து வைத்தே பூனைகளின் சுபாவம் படித்தது. இன்று எர்ணாகுளத்திலிருந்து காரில் வந்து அவர் வீட்டு முன்னறையில் குட்டி வாங்கிப் போகிறார்கள். இதெல்லாம் யார் கொடுத்தது? ஒருத்தரும் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மைக் கிடைக்கவில்லை.

எர்ணாகுளத்தில் வருடா வருடம் பூனைக் கண்காட்சி நடக்கும். ஒவ்வோர் இனத்தையும் மேடைக்குக் கொண்டுவரும்போது, இது இன்ன பூனை, இன்ன நாட்டில் பிறந்தது என்று ஒருவர் மைக்கில் சொல்லவேண்டும். நாலு வருடமாக ஜிதின்தான் சொல்கிறான். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. செல்போனைப் பார்த்துப் படிப்பான்.

"ஒரு பூனைக்கு வயித்தால போனா என்ன செய்யணும்னு அந்தப் பயலுக்குத் தெரியுமா?" என்று மனைவி காளியம்மையிடம் நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட கேட்டா? அந்த அம்பிளிகிட்டப் போய்க் கேளும்."

இந்த வருடம் கேட்டேவிட்டார். கண்காட்சி நடத்தும் அம்பிளி, "அண்ணாச்சி எழுதித் தா. எல்லாம் சரின்னா மைக் அண்ணாச்சிக்கு" என்றாள்.

எழுதுவதில்தான் சங்கடம், மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதாது. மகள் தன்யாவுக்குத் தமிழ் எழுத வராது, மலையாளத்தில் எழுதினாள். இவர் கால்மேல் கால் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

"சயாமீஸ், தாய்லாந்து. பழைய பேரு சயாம். ஹிமாலயன், இமயமலை இல்ல மோளே, அமெரிக்கா. பெர்ஷியனையும் சயாமீசையும் சேர்த்து உண்டாக்கினது. பாம்பே பூனை, அதுவும் அமெரிக்காதான். நம்ம நாட்டுக் கருஞ்சிறுத்தை மாதிரி இருக்கேன்னு பாம்பேன்னு பேர் வச்சிட்டான்."

"பெங்கால்?"

"அமெரிக்கா. காட்டுச் சிறுத்தைப்பூனையை வீட்டுப் பூனையோட சேர்த்தது."

"எல்லாம் அமெரிக்கா தானோ அப்பா?"

"நான் என்ன செய்ய? உண்டாக்கினவன் அவன். பேரை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கிட்டான்."

"பெர்ஷியன்?"

"அதுக்குப் பேருலயே ஊர் இருக்கே. பேர்ஷ்யா. துபாய்னு எழுது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ வேலைக்குப் போனவன் எல்லாம் மட்டாஞ்சேரிக்குப் பேர்ஷ்யாக்காரன்தான். அவர் கண்ட முதல் பெர்ஷியன் பூனையை, அடுத்த தெருப் பேர்ஷ்யாக்காரன்தான் துபாயிலிருந்து கூண்டில் தூக்கி வந்தான். கண்ணால் கண்டதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கண்காட்சியன்று மேடைக்குக் கீழே நின்று அம்பிளி காகிதத்தைப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசி வரியில் சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, பேர்ஷ்யான்னா ஈரானாச்சே! இது எந்த ஷேக்கோட பூச்சை, எந்தப் பூனை?"

பூனையும் கூண்டுமாய்ச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"மட்டாஞ்சேரியில வந்து கேட்டுப் பாருங்க, பேர்ஷ்யா எங்கேன்னு!" என்று கத்தினார். யார் கேட்டார்கள்? மைக் ஜிதின் கைக்குப் போய்விட்டது.

ஜிதின் போனைப் பார்த்தபடி தொடங்கினான். "அடுத்தது பெங்கால். மேற்கு வங்காளத்திலிருந்து வந்த பூனை."

"பெங்காலியா? ஹோட்டல் வேலைக்கு வந்ததோ?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, இன்னொரு சிரிப்பு.

இசக்கிதுரைக்குப் பொறுக்கவில்லை. கிடங்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஆள் கூப்பிட்ட தொண்டை அது. "ஏலே, அது அமெரிக்கா!"

ஜிதின் விரலால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "ஆ... சாரி. அமெரிக்கா."

"ஹிமாலயன். பேரைப் போலவே இமயமலையின்..."

"அதுவும் அமெரிக்காலே! அந்தப் போனைத் தூக்கிக் காயல்ல போடு!"

இப்போது யாரும் மேடையைப் பார்க்கவில்லை. அம்பிளி மேடையேறி ஜிதினிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். "இந்தா, பிடி. ஆனா முதல்ல பெர்ஷியனைத் திருத்தணும். எல்லாரும் கேட்டாச்சே."

இசக்கிதுரை மைக்கைப் பார்த்தார். இந்தக் கையால் எத்தனை பூனைக்குப் பிரசவம் பார்த்திருப்பார்! எத்தனை குட்டிக்குப் பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்திருப்பார்! அதையெல்லாம் கேட்க ஆளில்லை. கேட்பது ஒரு ஊர்ப் பேரை.

வாங்கினார். "பெர்ஷியன், ஈரான். துபாய்னு நான் எழுதினது தப்பு."

நாலு வருடம் காத்திருந்து வாங்கிய மைக்கில் அவர் பேசிய முதல் பேச்சு அதுவாகிப்போனது. கூட்டம் கைதட்டியது. அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கா தட்டுறீங்க? எவம்ல அங்கே, அந்த ஹிமாலயனைத் தூக்கிட்டு வா. அதைச் சொல்றேன், அப்புறம் தட்டுங்க!"