உச்சிக்கு வந்த மூன்று நட்சத்திரம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். கதை கட்டுகிறாள் என்பவர்கள் அதிராம்பட்டினம் வந்து எங்கள் கொல்லைக் கதவைப் பாருங்கள். அந்தக் கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் கணவர் மீரா உசேன் குவைத்தில் டிரைவர். மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை. தினமும் நம் நேரம் இரவு 9.10-க்குப் போன் செய்வார். நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். பனிக்காலமானால், வரிசையாக நிற்கும் அந்த மூன்று நட்சத்திரங்களை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே பேசுவோம். இங்கே அவை உச்சிக்கு வரும்போது அங்கே கிழக்கில் பாதி தூரம்தான் ஏறியிருக்கும். "உனக்கு மட்டும் எல்லாம் சீக்கிரம் வந்துடுது" என்று வம்பிழுப்பார்.

ஜனவரி கடைசி. திங்கட்கிழமை அவருடைய அண்ணன் ஷேக் பரீத், ஏதோ நம்பர் பார்க்க வேண்டுமென்று என் போனை வாங்கினார். திருப்பித் தந்ததிலிருந்து சிக்னல் இல்லை. "டவர் வேலை நடக்குதும்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். அன்றிலிருந்து அவரைப் பெற்ற மாமி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை இரவு, சரியாக 9.10. போன் அடித்தது. டவர் வந்துவிட்டது என்று மாடிக்கு ஓடினேன்.

"மூணும் எங்க இருக்கு, மச்சான்?"

"உச்சியில."

சுருக்கென்றது. குவைத்தில் இந்நேரம் எப்படி உச்சிக்கு வரும்?

காற்று அடித்தது. கொல்லைத் தென்னை சரசரத்தது... போனுக்குள்ளும் அதே சரசரப்பு.

எட்டிப் பார்த்தேன். தென்னைக்குக் கீழே, வெள்ளைத் துணியில், அவர். அண்ணாந்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் போன் இல்லை.

பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. ஊருக்கு வந்தும் எனக்குச் சொல்லவில்லை. லீவு இல்லை, லீவு இல்லை என்று காக்க வைத்த மனுஷன் யார் வீட்டில் தங்கியிருக்கிறார்? இறங்கி ஓடி, கொல்லைக் கதவைத் தாழிட்டேன்.

9.31.

டொக்... டொக்... டொக்.

"கதவத் திற, ஹஃப்ஸா. குளிருது."

"இவ்வளவு நாள் எங்க இருந்தீங்களோ அங்கேயே போங்க."

டொக்...

அப்புறம் சத்தமே இல்லை.

காலையில் கதவைத் திறந்தேன். படியில் மட்டும் ஈரம். கால் வைத்தால் ஐஸ் மாதிரி ஜில்லென்றிருந்தது.

ஆறு மணிக்கு ஷேக் பரீத் வந்து தலை குனிந்து நின்றார். "தம்பி திங்கக்கிழமையே மவுத்தாயிட்டாம்மா. நெஞ்சு வலி, உசுரு போயிடுச்சு. இன்னைக்கு பிளைட்டுல மையத்துப் பெட்டி திருச்சிக்கு வருது. வர்ற வரைக்கும் உனக்குத் தெரிய வேணாம்னு..."

நான்கு நாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் தெரியும். எனக்கு யாரும் போன் செய்துவிடக் கூடாதென்று திங்கட்கிழமையே கழற்றிய என் சிம்மைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த நான்கு நாளும் என் மச்சான் மார்ச்சுவரிப் பெட்டியில் இருந்திருக்கிறார்.

என்னிடம் சொல்ல வந்தது அவர் ஒருவர்தான். நான் கதவைத் திறக்கவில்லை.