சாயம் போகாத ரத்தம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் சாயப் பட்டறைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் இது தெரியும். பட்டு நூலைக் கொப்பரையில் முக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் தம்பி. பதினைந்து வருடம் அப்படித்தான் நின்றோம். நான் திட்டுவேன், அவன் சிரிப்பான், வேலை நடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மலேரியா வந்தது. குளிர் வந்தால் கட்டிலே ஆடும். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. ஈரலில் ஒளிந்திருக்கிற மிச்சக் கிருமியும் சாகட்டும் என்று பிறகு வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்க வைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். “வாயைத் தொறடா” என்று பக்கத்திலேயே நிற்பேன். விழுங்கிய பிறகுதான் நகர்வேன்.

அந்த மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் காலை குளியலறைக்குப் போனேன். தண்ணீர் போகிற மூலையில் அரக்குச் சாயம் தேங்கியிருந்தது. கல்யாணப் புடவைக்குப் போடுவோமே, அந்தக் கருஞ்சிவப்பு. மிச்சச் சாயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம்.

“ஏன்டா, உனக்கு அறிவு இருக்குதா? சாயத்தை இங்கியா கொண்டாந்து ஊத்துவே?”

படுத்திருந்தவன் கண்ணைத் திறந்தான். “நான் ஊத்தலண்ணா.”

“பின்னே பேயா வந்து ஊத்திட்டுப் போச்சு?”

“நான் ஊத்தலண்ணா” என்று மறுபடியும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பத்து நாளாக அவன் பட்டறைப் பக்கமே வரவில்லை என்பதுகூட அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை. அன்றைய மாத்திரையையும் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

“பாருண்ணா. ரெண்டு நாளா இப்டித்தான் வந்துக்கினு இருக்குது.”

பார்த்தேன். அந்த அரக்கு சிறுநீராக அவன் உடம்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஐயோ! நிறம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பீற்றிக்கொள்கிறவன் நான். சாயத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் என் தம்பியைப் பொய்யன் ஆக்கியிருந்தேன்.

வாடகைக் கார் பிடித்துச் சென்னைக்கு ஓடினோம். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், உடனே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். உள்ளுக்குள்ளேயே ரத்த அணுக்கள் உடைகின்றன என்றார். அந்த மாத்திரை சில பேருக்கு மட்டும் இப்படிச் செய்யுமாம். தம்பி அந்தச் சில பேரில் ஒருவனா என்று பார்க்க ஒரு சோதனை. அதற்கு ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டும் என்று என்னிடமும் கொஞ்சம் எடுத்தார்கள்.

சோதனைக் கூடத்தில் ஒரு பெண் இருந்தார். இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் என் ரத்தம், ஒன்றில் அவனுடையது. இரண்டிலும் எதையோ சொட்டினார். இரண்டும் நீலமாகிவிட்டன.

“என்னாம்மா ஊத்துறீங்க?”

“சாயம்தாங்க. ஒரு மணி நேரம் இந்த வெந்நீர்ச் சூட்டுலயே இருக்கணும். நல்ல ரத்தமா இருந்தா இந்த நீலத்தைப் போக்கிடும்.”

சாயத்தைப் போக்குமா? எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். நாம் மூச்சிழுக்கிற காற்றுதான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது, அதே காற்று ரத்த அணுவையும் அரிக்கப் பார்க்கிறது என்றார். அணுவுக்குள் அதைத் தடுத்துச் சரிசெய்கிற சத்து ஒன்று ஓயாமல் வேலை செய்கிறதாம். மாத்திரை அந்த அரிப்பைக் கூட்டிவிடும். சத்து உள்ளவன் தாங்குவான், குறைந்தவன் உடைவான். அதே சத்துதான் இந்த நீலத்தையும் போக்குகிறதாம்.

நான் அந்தக் குழாய்களை விட்டு நகரவில்லை. என் குழாயில் நீலம் மெல்ல இளகி ஊதாவானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவும் போய் வெறும் ரத்தச் சிவப்பு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சாயத்தைப் பிடிக்க வைக்கிறேன். எனக்குள்ளேயே சாயத்தைப் போக்குகிற ஒன்று, பிறந்த நாளிலிருந்து, என்னைக் கேட்காமல், ஒரு நொடிகூட நிற்காமல் வேலை செய்திருக்கிறது! கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

தம்பியின் குழாய் போட்ட நீலமாகவே இருந்தது. பட்டறையில் ஒரு நூல் இப்படிச் சாயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவனைத் தட்டிக்கொடுத்திருப்பேன். இங்கே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

“ஒரே வயித்துல பொறந்தோம்மா” என்றேன்.

“அம்மா வழியா வர்றதுங்க. ஒரு பிள்ளைக்கு வரும், ஒருத்தருக்கு வராது.”

“நான்தாம்மா வாயைத் தொறக்கச் சொல்லிச் சொல்லி மாத்திரையைப் போட்டேன்.”

“அவருக்கே தெரியாதுங்க இத்தனை வருஷமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்றார்கள். என் வகையும் அவன் வகையும் ஒன்று. என் ரத்தம் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவன் கைக்குள் இறங்கியது. போய் அவனுக்காக வேலை செய் என்று அதனிடம் மனதுக்குள் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினம் காலையில் அவனுடைய சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். முதல் நாள் அரக்கு. மறுநாள் செங்கல். அடுத்த நாள் தேன். மாதிரிக்குச் சாயம் போட்ட எந்த நூலையும் நான் அவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், அந்த மாத்திரை இனி கூடவே கூடாது. பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையும் ஆகாது. பட்டு விற்கிற ஊரில் அதுதான் பெரும் பாடு! பலகாரத்துக்குப் போடுகிற கலர் பொடியைக் கேட்டேன். எது செய்யும் எது செய்யாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேசரி வெள்ளை.

கிளம்புகிற காலையில் பாட்டிலைத் தம்பியே ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அந்தப் பக்கம் இருந்த வேப்பமரம் அதன் வழியாகத் தெரிந்தது.

“இப்பவாவது நம்புறியா?” என்றான். “நான் ஊத்தலண்ணா.”

“இல்லடா, நீ ஊத்தல” என்றேன்.